இரண்டு பேருக்கு எந்த ரைஸ் குக்கர்?

கேள்வி: வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். எந்த அளவு ரைஸ் குக்கர் வாங்கலாம்? (வாசகி, மொனராகலை)

பதில்: ஒரு லீற்றருக்கு மேல் போகாதீர்கள் தங்கச்சி, கல்யாண வீட்டுக்கா சமைக்கப் போகிறீர்கள்? பெரிய பானையில் ஒரு சுண்டு அரிசி போட்டால் அடியில் காய்ந்து ஒட்டும். ஒற்றைப் பொத்தான் குக்கரே தாராளம். 1955இல் ஜப்பானின் தோஷிபா விற்பனைக்கு விட்ட காலந்தொட்டு அடிப்படை ஒன்றுதான்: தண்ணீர் வற்றியதும் சூடு 100 பாகையைத் தாண்டும், கரண்ட் தானாக நிற்கும். பானையின் வெளி அடியில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும் பானை சூடாக்கும் தட்டில் சரியாக உட்காராது; துடைத்து வையுங்கள். சிவப்பரிசிக்குத் தண்ணீர் கொஞ்சம் கூட விடுங்கள். லயத்தில் வயரிங் பழசென்றால் கேத்தலையும் குக்கரையும் ஒரே பிளக்கில் போடவே வேண்டாம். உத்தரவாத அட்டையில் திகதி எழுதி வாங்குங்கள்.