வடசேரியில் ஓர் இலங்கை நிபுணர்

இலங்கை அரசியலில் நான் பெரிய நிபுணன். பட்டம் கொடுத்தது நாகர்கோவில் வடசேரி டீக்கடை. அதற்கு ஒரே தகுதி, சின்ன வயதில் இலங்கை வானொலி கேட்டது. எங்கள் பக்கம் கொழும்பு ஸ்டேஷன் கணீரென்று கேட்கும். பாட்டு முடிந்து செய்தி வந்தால் ரேடியோவை அணைத்துவிடுவோம்.

2022 ஜூலையில் இலங்கை ஜனாதிபதி கோத்தபய நாட்டை விட்டு ஓடியபோது என் மார்க்கெட் உச்சத்தில் இருந்தது. "பிரதமர் ரணில் கதையும் முடிஞ்சுது. வீட்டையே கொளுத்தியாச்சு. கட்சிக்கு இருக்கதே ஒத்த சீட்டு" என்று அடித்துச் சொன்னேன். ஒரே வாரத்தில் அவர் ஜனாதிபதி. அன்றைக்கு எல்லாருக்கும் டீ என் கணக்கில்.

இப்படிப்பட்டவனை நம்பி மே தினக் கூட்டத்துக்குப் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு, இலங்கைத் தொழிலாளர் இயக்கம். எங்கள் ஆபீசில் ஸ்ட்ரைக் வந்தால் முதல் ஆளாக கேஷுவல் லீவு எழுதிக் கொடுப்பவன் நான் என்பது பாவம், அவர்களுக்குத் தெரியாது.

இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்பது நம் காங்கிரஸின் அந்த ஊர்க் கிளை, சின்னம் கை என்று மைக்கில் அளந்துவிட்டேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் மெதுவாக எழுந்தார். "தம்பி, சின்னம் சேவல்." கூட்டத்தில் அன்றைக்குக் கைதட்டல் வாங்கிய ஒரே பேச்சு அதுதான்.

நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. 1939இல் நேரு கொழும்பு போனபோது பிறந்ததுதான் இலங்கை இந்தியன் காங்கிரஸ். அதுவே பிற்பாடு மலையகத் தலைவர் தொண்டமானின் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது. இதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் எனக்கே அது அடுத்த மாதம்தான் தெரிந்தது.

பெரியவர் இலங்கையிலிருந்து வந்தவர்; ரிட்டையரான ரப்பர் தொழிலாளி, கீரிப்பாறைக்காரர். அவரைப் பார்க்கப் பஸ் ஏறினேன். கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா பிறந்த பூதப்பாண்டி வழியாகத்தான் பஸ் போகும். தொழிலாளர் வரலாறு தேடிப் போனவன் அந்த ஊர் வந்தபோது குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

"யாழ்ப்பாணத்துல எந்தப் பக்கம் அய்யா?" என்று ஆரம்பித்தேன்.

"யாழ்ப்பாணத்த நான் பாத்ததே இல்ல சார். அட்டன் பக்கம், தேயிலைத் தோட்டம்."

"சொந்த நாட்டுக்கு வந்தப்ப சந்தோசமா இருந்திருக்குமே?"

"நான் பொறந்ததே அங்கதான். ராமேஸ்வரத்துல கப்பல விட்டு எறங்குனப்பதான் இந்தியாவையே மொதல்ல பாத்தேன்."

அதற்கு மேல் கேள்வி கேட்காமல் கட்டன்சாயா குடித்தேன்.

அவர் சொன்னதை நம்பாமல், வீட்டுக்கு வந்து புத்தகத்தில் வேறு சரிபார்த்தேன். 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் ஓட்டில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடம் பிடித்தது. சங்கமும் ஓட்டும் ஒரே கையில் இருந்தால் எந்த அரசாங்கத்துக்குத்தான் தூக்கம் வரும்? சுதந்திரம் வந்த 1948லேயே குடியுரிமைச் சட்டம் போட்டு லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். அடுத்த வருஷம் ஓட்டும் போயிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்: 9,75,000 பேரில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். "எங்ககிட்ட யாரும் கேக்கல சார்" என்றார் பெரியவர். நானும்தான் இத்தனை வருஷம் கேட்கவில்லை. நாகர்கோவிலில் இருந்து ஒரு பஸ் தூரம்.

அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுத்த இடங்களில் ஒன்று நம் அரசு ரப்பர் கழகம், 1984இல் தொடங்கியது. கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு என்று மலையடிவாரம் முழுக்க அதன் தோட்டங்கள். கொழுந்து கிள்ளிய கை பால்வெட்டுக்கு மாறியது. கூலிக்குப் போராடுகிற பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அவர் மருமகன் விளையில் நானும் கத்தி பிடித்துப் பார்த்தேன். "பட்டையத்தான் சீவணும், தடியத் தொடப்படாது" என்றார். தொட்டேன். "இனி இந்த எடத்துல பட்டை முண்டும் முடிச்சுமாத்தான் வரும்" என்று மரத்தைத் தடவினார். சிரட்டையில் பாலை விட என் சீவல்தான் அதிகம்.

இலங்கைத் தோட்டங்களில் இருப்பவர்கள் ஆயிரம் ரூபாய் தினக்கூலி கேட்டு வருஷக்கணக்காகப் போராடி 2021இல் வாங்கினார்கள் என்று பேச்சு வந்தது. "ஆயிரமா! பேசாம அங்கேயே இருந்திருக்கலாமே" என்று வாயைப் பிளந்தேன். அது இலங்கை ரூபாய், நம் காசில் அன்றைக்கு நானூறுகூட வராது என்று பத்தாவது படிக்கும் அவர் பேத்தி திருத்தினாள்.

அங்கே நாடற்றவர்களாக மிஞ்சியவர்களுக்கு 2003இல்தான் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தார்கள். ஐம்பத்தைந்து வருஷம்! எனக்கு ரேஷன் கார்டில் பெயர் திருத்த ரெண்டு மாதம் ஆனதற்கு நான் போட்ட கூப்பாடு தெருவுக்கே தெரியும்.

அடுத்த மே தினத்துக்கு உங்கள் ஊரில் பேச ஆள் வேண்டுமானால் கீரிப்பாறை பஸ்ஸில் ஏறுங்கள். எனக்கு போன் போடாதீர்கள். அன்றைக்கு நான் லீவு.