கெனியனிங் அத்தான்

அத்தான் போனைக் கையில் எடுத்துவிட்டால், அடுப்பில் உலை வைத்தவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்காருவது நல்லது. இல்லாவிட்டால் சோறு குழைந்துபோகும். நல்லூரில் கொடி ஏறுகிற கிழமையில் பேர்ணிலிருந்து வந்து இறங்குவார். பெட்டி திறக்குமுன்பே வீடியோ திறந்துவிடும். உங்கள் வீட்டில் இவர் சித்தப்பாவாக இருக்கலாம், பெரிய மாமாவாக இருக்கலாம். நாடு கனடாவோ நோர்வேயோ, வீடியோவில் ஓடுவது பனிச்சறுக்கோ பரசூட்டோ, அது அவரவர் தலைவிதி. எங்களுக்கு விதித்தது கெனியனிங்.

மலையிலிருந்து ஆறு இறங்கிவருகிற இடுக்குப் பள்ளத்துக்குள் மேலே புகுந்து கீழே வெளிப்படுகிற விளையாட்டு அது. இடையில் கயிற்றில் தொங்க வேண்டும், பாறையில் சறுக்க வேண்டும், மடுவில் குதிக்க வேண்டும். வேண்டாம் என்று திரும்பிப் போவதற்கு மட்டும் வழி கிடையாது. இன்டர்லாக்கன் பக்கத்தில் ஆளுக்கு நூறு பிராங்குக்கு மேல் கட்டி, அக்காவும் மகளும் மகனுமாகக் குடும்பத்தோடு இறங்கிவிட்டு வந்தார்கள். அது நடந்து இரண்டு வருடம். வீடியோவில் இன்னமும் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

வீடியோவின் நீளம் பதினொரு நிமிடம். அதன் முடிவைக் கண்டவர் இந்தக் குடாநாட்டில் ஒருவரும் இல்லை. அத்தான் அதை ஓடவிட்டால்தானே!

முதல் நிறுத்தம் உடுப்பில். ஐந்து மில்லிமீற்றர் தடிப்பில் நியோப்பிரீன் என்கிற றப்பர் சட்டை, காலிலிருந்து கழுத்து வரைக்கும். "ஐஸ் உருகி வாற தண்ணி. உது போடாட்டி விறைச்சுப் போவாய், விளங்குதே?" அதற்குள் அத்தான் நுழைந்த விதத்தை அக்கா ஒருமுறை சொன்னாள்: தோண்டி எடுத்த நுங்கைத் திரும்பவும் குரும்பைக்குள் புகுத்துவது போல, இரண்டு வெள்ளைக்காரப் பெடியன்கள் பிடித்துத் தள்ளினார்களாம். அந்தப் பகுதி வீடியோவில் இல்லை.

இரண்டாவது நிறுத்தம் கெல்மெற்றில். கமெரா அத்தானின் கெல்மெற்றில் பூட்டியிருந்தது. அதனால் வீடியோவில் எல்லாரும் வருவார்கள், அத்தான் வரமாட்டார். அவர் சறுக்கிய இடத்தில் தெரிவது கொஞ்ச வானம், கொஞ்சம் நுரை, யாரோ ஒருவரின் சப்பாத்து, பிறகு இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் "அம்மாளாச்சி!" என்று அலறும்.

"உது உன்ர அக்கா" என்பார் அத்தான்.

"அக்கா அப்ப கீழ நிக்கிறா" என்று குசினிக்குள்ளிருந்து அக்காவின் சத்தம் வரும்.

மூன்றாவது நிறுத்தம்தான் பெரியது. ஒரு பாறை விளிம்பு. மகள் குதித்தாயிற்று, மகனும் குதித்தாயிற்று. அடுத்தது அத்தான். வழிகாட்டி 'ட்றை, ட்ஸ்வை, ஐன்ஸ்' என்று எண்ணுகிறான். வீடியோ அசையவில்லை. மறுபடி எண்ணுகிறான். தண்ணீர் அங்கேயே இருக்கிறது, அத்தானும் அங்கேயே இருக்கிறார். இப்படி நாலு தரம். ஏன் அத்தான் இத்தனை எண்ணிக்கை என்று கேட்டால், "ஆழம் பாக்கிறது. சும்மா கண்ணை மூடிக்கொண்டு குதிக்க ஏலாது. உங்களுக்கு உந்தச் சேப்ரி ஒண்டும் விளங்காது" என்பார். அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி எங்களுக்குப் பாதுகாப்பைப் பற்றி அரை மணித்தியாலம் வகுப்பு எடுப்பார். வகுப்பு முடிவதற்குள் யாராவது எழும்பிப் போய்விடுவார்கள். புதிதாக ஒருவர் வந்து உட்காருவார். வந்தவருக்காக மறுபடி முதலிலிருந்து, உடுப்பிலிருந்து, தொடங்கும்.

இடம் பொருள் ஏவல் எல்லாம் அவருக்கு இல்லை. கலியாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தவர்களுக்குக் காட்டினார். நல்லூர் வீதி மணலில் வெறும் மேலோடு உட்கார்ந்து, ஐஸ்கிறீம் உருகி வேட்டியில் வடிய வடியக் காட்டினார். தூரத்து உறவில் ஒரு செத்த வீடு, எட்டுச் செலவு அன்று போனோம். வந்தவர்கள் கூடத்தில் பாய்விரித்து இருக்கிறார்கள். யாரோ ஒரு பாவி, "சறுக்கேக்க எப்பிடி அத்தான் பிடிக்கிறது?" என்று கேட்டுவிட்டான். அத்தான் அந்தக் கூடத்திலேயே நிமிர்ந்து படுத்துவிட்டார். காலிரண்டையும் சேர்த்து நீட்டி, கையிரண்டையும் நெஞ்சுக்குக் குறுக்கே மடித்து, நாடியைக் கீழே அமர்த்தி, கண்ணையும் மூடிக்கொண்டார். "இப்பிடித்தான். அசையப்படாது."

கூடத்தில் சத்தம் அடங்கிப்போயிற்று. எட்டு நாளைக்கு முதல் அதே இடத்தில் அதே மாதிரிக் கிடந்தவரின் பெண்சாதி சுவரோடு சாய்ந்து இருந்தார்.

"தம்பி, எழும்பு ராசா" என்றது ஒரு கிழவி. "தலையும் தெற்காலை கிடக்கு. எழும்பு மோனை."

அத்தான் எழும்பித் தூசி தட்டினார். பக்கத்தில் இருந்த தோட்டக்காரப் பெரியவர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "நாங்கள் புகையிலைத் தறைக்கு இறைக்கேக்க துலா மிதிச்சனாங்கள். அதில அங்காலும் இஞ்சாலும் நடக்க வேணும். கீழ கிணறு. கெல்மெற்றோ?" என்று சிரித்தார். அத்தான் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் போனில் எந்த நிமிடத்தில் விட்டது என்று தேடிக்கொண்டிருந்தார்.

வீடியோவைப் பார்க்காமல் தப்பினாலும் ஒப்பீட்டிலிருந்து தப்ப முடியாது. "இஞ்ச என்ன இருக்கு? ஒரு மலை இருக்கோ? ஆறு இருக்கோ?" இல்லைதான். வலிகாமத்தில் வழுக்கையாறு ஒன்று உண்டு. மாரியில் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழும், கோடையில் அதற்குள் மாடு மேயும். எங்களுடைய ஆறெல்லாம் நிலத்துக்குக் கீழேதான். பெய்கிற மழையைச் சுண்ணக்கல் உறிஞ்சி, அரித்து, துளைத்து உள்ளே வைத்துக்கொள்கிறது. குடாநாட்டுக்காரர் தலைமுறை தலைமுறையாகக் குடித்தும் இறைத்தும் வருவது அந்தத் தண்ணீரைத்தான். இதை நான் பாதிவரை சொல்லுமுன்பே, "அப்ப அதுக்குள்ள இறங்கலாமோ?" என்றார்.

நிலாவரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப்போக உப்பு. அடியே இல்லாத கிணறு என்பது ஊர்ப்பேச்சு. அத்தான் விளிம்பில் நின்று, வழிகாட்டிப் பெடியன் செய்ததுபோலக் குனிந்து ஆழம் பார்த்தார். "குதிக்க விடுவினமோ?" என்று அங்கே நின்ற ஒரு கிழவரைக் கேட்டார். நிலாவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்று ஒரு கதை இருக்கிறதல்லவா? கிழவர் அத்தானை மேலும் கீழும் அளந்துவிட்டு, "குதிக்கலாம். நாங்கள் கீரிமலையில போய்ப் பாத்துக்கொண்டு நிக்கிறம்" என்றார்.

மறுநாள் கீரிமலைக்கே போனோம். கடலோடு ஒட்டி, ஒரு மதிலுக்கு இந்தப் பக்கம் நன்னீர் ஊறுகிற கேணி அது. அந்தியேட்டி முடித்தவர்கள் ஒரு பக்கம் முழுகிக்கொண்டிருக்க, அத்தான் கெல்மெற்றும் கமெராவுமாகக் கட்டில் ஏறி நின்று மகனை எண்ணச் சொன்னார். பெடியன் எண்ணினான். இன்னொரு தரமும் எண்ணினான். இடையில் உள்ளூர்ச் சின்னப் பெடியன்கள் மூன்று பேர் அவரைத் தாண்டி ஓடிவந்து தலைகீழாகக் கரணமடித்து விழுந்தார்கள். ஒருவன் தண்ணீருக்குள்ளிருந்து தலையை நீட்டி, "அங்கிள், நீங்கள் குதிக்கேல்லையெண்டா அந்தத் தொப்பியைத் தாங்கோவன்" என்றான்.

விளையாட்டை நான் பழிக்கவில்லை, அதன் ஆபத்தைச் சிரித்துத் தள்ளவும் இல்லை. 1999 யூலை 27 அன்று அதே இன்டர்லாக்கன் பக்கம், சக்ஸெற்றன் ஓடையில் கெனியனிங் போனவர்களில் 21 பேர் இறந்தார்கள். 18 பேர் வெளியூரிலிருந்து வந்த உல்லாசப் பயணிகள், 3 பேர் வழிகாட்டிகள். மேலே மலையில் இடியோடு பெய்த மழை, கீழே இடுக்குக்குள் நின்றவர்கள் மேல் ஒரேயடியாக இறங்கிவிட்டது. பல வருட இழுபறிக்குப் பிறகு சுவிஸ் இதற்கென்று சட்டம் கொண்டுவந்தது. 2014 தொடக்கம் இப்படியான விளையாட்டு நடத்துகிறவர்கள் அனுமதி எடுத்திருக்க வேண்டும். அத்தான் குடும்பம் போன அன்றும் வழிகாட்டி மலைப்பக்கத்து வானத்தைப் பார்த்து, எல்லாரையும் ஒரு மணித்தியாலம் வானுக்குள்ளேயே இருத்தி வைத்தானாம். இதுவும் அக்கா சொல்லித்தான் தெரியும். முழுப் பயணத்திலும் கெட்டித்தனமான காரியம் அந்த ஒரு மணித்தியாலம்தான். அதைப் படம் பிடிக்க அத்தானுக்குத் தோன்றவில்லை.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகலாம். இந்த முறை சிரிக்க முடியவில்லை.

லீவு மூன்று கிழமை. கொழும்பில் உடுப்பெடுக்க இரண்டு நாள், நிலாவெளிக் கடலுக்கு மூன்று நாள், கலியாணம், பூப்புனித நீராட்டு, கோயில். அதற்குள், "இலங்கையிலயும் கெனியனிங் இருக்காம்" என்று வான் பேசிக்கொண்டு கித்துல்கலவுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். களனி கங்கைக் கரை, 1957 இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படம் எடுத்த ஊர். அது மழைக்காடு. அங்கே போய் நாலு நாள். ஆற்றில் இறங்கினார்களோ இல்லையோ, காலில் அட்டை ஏறியதைக் கண்டு அத்தான் வான் சீற்றில் ஏறி நின்றதை மருமகன் என் காதுக்குள் சொல்லிவிட்டான்.

அந்த நாலு நாளில் ஒன்றில்தான் மாமி கூழ் காய்ச்ச நாள் குறித்திருந்தா. மாமி அத்தானின் தாய். பக்கத்து வளவில் தனியாக இருக்கிறா. ஒடியல் மாவை இடித்து அரித்து வைத்திருந்தா. பாசையூரில் நண்டும் றாலும் மீன்தலையும் நான் விடியப்புறம் போய் வாங்கிவந்தேன். பயித்தங்காயும் பலாக்கொட்டையும் வெட்டி, புளியும் செத்தல் மிளகாயும் அரைத்து, பெரிய பானையில் கூழ் கொதித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "இண்டைக்கு வர ஏலாது. பிறிட்ஜுக்குள்ள வையுங்கோவன் அம்மா." ஒடியற் கூழை எடுத்துவைத்து நாளைக்குக் குடிக்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? அயலட்டைக்காரர்களைக் கூப்பிட்டு, பலா இலையைக் கோலிக் கொடுத்து ஊற்றினோம். மாமி குடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்றா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பள்ளத்தில் குதித்ததைக் காட்ட ஊர் முழுக்க அலைகிறவருக்குப் பெற்ற தாயின் குசினியில் ஒரு மத்தியானம் இருக்க நேரமில்லை.

திரும்பி வந்த அன்று இரவு, கரண்ட் இல்லை. முற்றத்தில் இருந்தோம். மருமகள் கேட்டாள்: "அப்பம்மா, அப்பா சின்னனில அட்வென்ச்சர் ஏதும் செய்தவரோ?"

"உன்ர கொப்பனோ? கேணியில இறங்கப் பயந்தவன்." மாமி கொஞ்சம் யோசித்தா. "கிளாலி ஒண்டுதான்."

1993. ஆனையிறவும் சங்குப்பிட்டியும் அடைபட்டு, குடாநாட்டை விட்டு வெளியேறுவதென்றால் கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடக்க வேண்டிய காலம். அந்த வருடம் ஜனவரி 2ஆம் திகதி இரவு அப்படிப் போன சனங்கள் கடற்படையின் சூட்டில் செத்தார்கள். அதற்குச் சில மாதத்துக்குப் பிறகு அத்தான் போனார். பத்தொன்பது வயது. கதைக்கக்கூடாது, பீடி பற்றக்கூடாது. படகில் ஒழுக்கு. "போற வழியெல்லாம் பால்மாப் பேணியால தண்ணி அள்ளி ஊத்தினவனாம். நான் கரையில நிண்டு பாத்தனான். இருட்டில ஒண்டும் தெரியேல்லை" என்றா மாமி.

"அதுக்கு வீடியோ இல்லையா அப்பா?" என்றது பிள்ளை.

"பேணி இல்லையம்மா, சிரட்டை" என்று மாமியைத் திருத்தினார் அத்தான். ஒரு சப்பாத்துக்கு அரை மணித்தியாலம் விளக்கம் சொல்கிற மனிதர், அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. கவரேஜ் இல்லையென்று போனை எடுத்துக்கொண்டு படலையடிக்குப் போனார். முற்றத்தில் நல்ல கவரேஜ் இருந்தது.

அத்தான் பேர்ணில் இருந்துகொண்டு ஊர்ப் பத்திரிகையில் ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர். ஆகவே நேரேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த கொடியேற்றத்துக்கும் வாருங்கள் அத்தான், வீடியோவையும் கொண்டு வாருங்கள். கித்துல்கலவுக்கு மட்டும் வான் பேசவேண்டாம். மாமிக்கு 84 வயது. கூழுக்கு நண்டு வாங்குவது என் பொறுப்பு.