ரசீதைக் காட்டு, காவல் வரும்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத் திருடர்களுக்கு நிலப்படம் படிக்கத் தெரியும் என்பது அந்த மாநிலச் சட்டமன்றத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. இல்லாவிட்டால் நியூ ஆர்லியன்ஸிலும் பாட்டன் ரூஜிலும் இன்ன தெருவின் நடுக்கோட்டிலிருந்து இன்ன தெருவின் நடுக்கோடு வரை என்று அளந்து, ‘குற்றத் தடுப்பு வட்டாரம்’ என்று சட்டம் போடுவார்களா? கோட்டுக்கு இந்தப் பக்கம் ரோந்து வண்டி. அந்தப் பக்கம், விதி விட்ட வழி.

ஏற்பாடு எளிது. சட்டமன்றம் வட்டாரத்தை உருவாக்கும், உள்ளூர் வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு ஒப்புவார்கள், மனைக்கு இவ்வளவு என்று சொத்துவரி பில்லில் ஒரு கட்டணம் ஏறிவிடும். பல வட்டாரங்களில் தூண் வைத்த மாளிகைக்கும் மூன்று அறை மரவீட்டுக்கும் ஒரே தொகை. அமெரிக்கா தேடித் திரிந்த சமத்துவம் கடைசியில் இந்த பில்லில் அகப்பட்டது! கட்டாமல் விட்டால் சொத்துவரி பாக்கியைப் போலவே வீட்டின் மேல் கடனாக ஏறும். திருடன் வந்தால் டிவி போகும். காவலுக்குப் பாக்கி வைத்தால் வீடே போகும்.

ரோந்து வருவது யார்? நியூ ஆர்லியன்ஸில் பல இடங்களில் அதே நகரக் காவலர்தான், வேலை நேரம் முடிந்தபின், அதே சீருடையில். முதல் ஷிப்ட் வரிக்கு, அடுத்த ஷிப்ட் கட்டணத்துக்கு. இந்தத் தனிப்பணி முறையை ஊழலின் பெருந்தமனி என்று ஒருவர் சொன்னதை மத்திய நீதித்துறையின் 2011 அறிக்கையே பதிவு செய்திருக்கிறது. நகராட்சி பதறிப்போய் தமனியை அடைத்ததா? தனி அலுவலகம் திறந்து, மணிக்கு இவ்வளவு என்று ரேட் போட்டது.

இதெல்லாம் அரசு தரும் காவலுக்குக் கூடுதலே தவிர மாற்று அல்ல என்று சட்டம் சத்தியம் செய்கிறது. யாரும் சந்தேகப்படாத இடத்தில் சத்தியம் எதற்கு? சிறப்புக் கட்டண தரிசனம் போலத்தானே என்பீர்கள். அங்கே தர்ம தரிசன வரிசையில் நிற்பவனுக்கும் கடைசியில் சாமி தெரியும் ஐயா!

காசு கட்டாமல் காவலை உரிமையென்று கேட்க முடியுமா? கொலராடோவின் காசில் ராக் ஊரில், நீதிமன்றத் தடையாணை கையில் இருந்தும், மகள்களை அப்பன் தூக்கிப்போய்விட்டான் என்று ஒரு தாய் போலீஸை நள்ளிரவு தாண்டியும் கெஞ்சினாள். மூன்று பிள்ளைகளும் பிணமாகக் கிடைத்தார்கள். ஆணையைப் போலீஸ் அமல்படுத்துவது அவளுக்குரிய சொத்துரிமை அல்ல என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. அந்தத் தாய்க்குக் காவல் சொத்தாகாது. சொத்துக்காரருக்கோ அதே காவல் பில்லோடு சேர்ந்து வரும்.

லூசியானாவில் அரசின் சட்டையைப் பிடித்துக் கேட்கக்கூடிய வாயுள்ளவர்கள் பணத்தைக் கட்டி ஒதுங்கிவிட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் கத்தினால் யார் காதில் விழும்? ஆளை உள்ளே தள்ளுவதில் அமெரிக்காவின் முன்வரிசையில் நிற்கிற மாநிலம் இது. சிறைக்குக் கூட்டம் சேர்க்கத் தெரிந்த அரசுக்கு, தெருவுக்கு ஒரு காவலரை அனுப்ப மட்டும் தனியாகக் காசு வேண்டுமாம்.

கோடு கிழித்த சட்டமன்றத்தாரே, மனைக்குக் கட்டணம் போட்டது போதும். வெட்கங்கெட்டதனத்துக்கும் ஒரு கட்டணம் போடுங்கள். முதல் தவணை உங்களுடையது.