உப்புக் காற்றில் மூத்த கேமரா: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

கீழ்புத்துப்பட்டில் ஒரு கேமராவின் வயதை ஆண்டுகளில் சொல்வது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. பெங்களூரில் பத்து வருடம் பீரோவில் கிடந்த கேமராவும் இங்கே பத்து வருடம் பீரோவில் கிடந்த கேமராவும் சம வயதுடையவை அல்ல. புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஊர் இது. கிழக்கே வங்கக் கடல். மேற்கே உவர்நீர் தேங்கும் கழுவெளி. வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். மூன்று திசையிலும் உப்பு. மிச்சமுள்ள தெற்கில் புதுச்சேரி. கேமராவைப் பழுதுபார்ப்பவர் அந்த ஒரு திசையில் இருப்பது தற்செயலா, திட்டமா என்பது தனி ஆய்வுக்குரியது.

கேமராவுக்கு இங்கே வேலை இல்லாமல் இல்லை. மஞ்சனீஸ்வரர் அய்யனாரைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் மொட்டை போடவும் காது குத்தவும் வேன் பிடித்து வருகின்றன. அழுகிற குழந்தை, அதைவிடப் பதறுகிற தாய்மாமன், சந்தனம் பூசிய தலையில் உச்சி வெயில்: வெளிச்சத்தை அளக்கும் எந்தக் கருவிக்கும் கடினமான தேர்வு. 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்த கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின், பூநாரைகளைத் தேடி நீண்ட லென்ஸ்களோடு வருபவர்களும் உண்டு. பறவை வலசை போகலாம். அதைப் பிடிக்க வந்த கேமரா அந்த உப்புக் காற்றை வீடு வரை கொண்டு போகிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி: 2011இல் வெளிவந்த கேனான் ஈஓஎஸ் 1100டி. 12 மெகாபிக்சல், கூடவே வரும் 18-55 லென்ஸ், யாரோ ஒரு அக்காவின் கல்யாணத்துக்காக வாங்கப்பட்டது என்ற குடும்ப வரலாறு. நோய்க்குறி: சில நாள் ஆன் ஆகிறது, சில நாள் ஆவதில்லை. லென்ஸை ஒரு திருகு திருகினால் உயிர் வருகிறது. கேள்வி: இதைச் சரிபார்ப்பதா, புதிதாக ஒன்று வாங்குவதா?

இக்கேள்வியில் அறிஞர்கள் மூன்று கட்சியாகப் பிரிவர். ‘நல்ல பொருளைத் தூக்கிப் போடக் கூடாது’ என்பது முதல் கட்சி. இதில் பெரும்பாலும் கேமராவைப் பயன்படுத்தாதவர்களே இருப்பர். ‘அந்தக் காசுக்குப் புதுசே வாங்கிடலாம்’ என்பது இரண்டாம் கட்சி. காசு தங்களுடையது அல்லாதவர்கள் இதில் மிகுதி. ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்பது மூன்றாவது. எண்ணிக்கையில் இதுவே பெரியது. இதற்கு மறுப்பு நூல் இன்றுவரை எழவில்லை.

கட்சி சேர்வதற்கு முன் உப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. அலை உடையும்போது நுரைக் குமிழிகள் வெடித்து நுண்துளிகளைத் தெறிக்கவிடுகின்றன. துளியின் நீர் காய, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள் காற்றில் மிதந்து ஊருக்குள் வருகிறது. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தொட்டதும் ஈரத்தை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கடல் உப்போ தூயதல்ல. அதில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீர்த்துப்போகும். உப்பு வாரிய பிறகு பாத்தியில் கசப்பாக மிஞ்சும் நீரில் நிறைந்திருப்பது இதுதான். இந்தக் கரையில் ஈரப்பதம் 33 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் பொழுது அரிது. ஆகவே ஒரு முறை உப்புப் படிந்த கேமரா, துடைத்தெடுக்காதவரை, உள்ளுக்குள் ஏறக்குறைய எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தால் காய்ந்தது போலத் தெரியும்.

அதே கடற்கரையில் அதே உப்பு கருவாட்டை மாதக்கணக்கில் காக்கிறது. மீனின் ஈரத்தை உறிஞ்சி எடுப்பதால் அது கெடாமல் இருக்கிறது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கேமராவின் செம்புக் கம்பியில் கொண்டுபோய் வைப்பதால் கேமரா கெடுகிறது. குணம் ஒன்றுதான். யாருடைய ஈரத்தை எடுத்து யாரிடம் கொடுக்கிறது என்பதில்தான் வேறுபாடு. இதில் மின்சாரமும் சேர்ந்தால் கதை விரைவாகும்: உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும், மின்னழுத்தம் இருக்கும் இடத்தில் செம்பு அரிக்கப்பட்டுப் பச்சைக் களிம்பு பூக்கும். கேமராவை ‘ஆஃப்’ செய்துவிட்டோம் என்பது இதற்குப் பொருட்டல்ல. பேட்டரி உள்ளே இருக்கும் வரை சில இணைப்புகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

இனி நோய் வகைமை. ஜப்பானியக் கையேடுகள் பிழைகளுக்கு எண் கொடுத்துப் போய்விடுகின்றன. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் இதைவிடத் தெளிவான வகைப்பாட்டைத் தந்திருக்கிறார். சொற்களுக்காகத் தந்தார் என்பது உண்மைதான். தோன்றல், திரிதல், கெடுதல் ஆகிய மூன்று விகாரங்களில் அடங்காத கேமராப் பழுது இல்லை. இல்லாத ஒன்று படத்தில் வருவது தோன்றல்: சென்சாரில் தூசியால் கரும்புள்ளி, இரவுப் படத்தில் தானே மினுங்கும் வெண்புள்ளி, லென்ஸுக்குள் நூலோட்டமாகப் படரும் பூஞ்சை. ஒன்று இன்னொன்றாவது திரிதல்: குழந்தையைக் குறிவைத்தால் பின்னால் நிற்கும் சித்தப்பா தெளிவாக விழுவார். இருந்தது இல்லாமல் போவது கெடுதல். விளக்கம் வேண்டியதில்லை.

இலக்கணிகள் கவனித்த இன்னொன்றும் இங்கே உதவும். நிலைமொழியும் வருமொழியும் சந்திக்கும் இடத்தில்தான் விகாரம் பிறக்கிறது. கேமராவிலும் அப்படியே: உடலும் லென்ஸும் சேரும் இடம், உடலும் பேட்டரியும் சேரும் இடம், உடலும் மெமரி கார்டும் சேரும் இடம். உப்பு முதலில் பிடிப்பது இந்தச் சந்திகளைத்தான். நம் மாதிரி 1100டியின் நோயும் இதுவே. திருகினால் உயிர் வருகிறது என்றால் தொடுமுனையில் அழுக்கு இருக்கிறது, மூளை சாகவில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும். சிலர் பென்சில் அழிப்பானால் தேய்ப்பார்கள். அழுக்கும் போகும், தங்கப் பூச்சும் கொஞ்சம் போகும். சந்தியில் வந்த பழுது பழுதுபார்ப்புக்கு உரியது. நிலைமொழியே, அதாவது போர்டே, போயிருந்தால் இலக்கணமும் கைவிட்டுவிடும்.

அறியும் வழி? சைவ சித்தாந்திகள் அளவை மூன்று என்பர்: காட்சி, கருதல், உரை. காட்சி, பேட்டரி அறையைத் திறந்து களிம்பு தெரிகிறதா எனப் பார்ப்பது. கருதல், வேறொரு லென்ஸை மாட்டி, நோய் லென்ஸிலா உடலிலா என ஊகிப்பது. உரை என்பது கடைக்காரர் வாக்கு. “போர்டு போயிடுச்சு சார், உப்புக் காத்து” என்று மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேமராவைத் திறக்காமலே வரும் வாக்கை ஆகமப் பிரமாணமாகக் கொள்ளலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

சில நேரம் குற்றம் உப்பின் மீதும் இல்லை, உரிமையாளர் மீதும் இல்லை. சோனி தயாரித்த சில சிசிடி சென்சார்களில் ஒரு குறை 2005 அக்டோபரில் வெளிப்பட்டது. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் சென்சாரின் நுண்கம்பி இணைப்பு விட்டுப்போய், படம் ஊதா நிறத்தில் கலங்கியது அல்லது வராமலே போனது. சோனி மட்டுமின்றி கேனான், நிக்கான், ஃபியூஜி எனப் பல நிறுவனங்களின் கேமராக்களிலும் அதே சென்சார்தான் இருந்தது. 2003இல் வந்த கேனான் பவர்ஷாட் ஏ70 அவற்றில் ஒன்று. உத்தரவாதக் காலம் முடிந்தவற்றையும் நிறுவனங்கள் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தன. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடம் என்று கேட்டதும் இந்தக் கரையைச் சேர்ந்தவர் ஒரு கணம் பெருமை கொண்டிருந்தால் தவறில்லை.

முன்னுதாரணங்களை மண்ணில் மட்டும் தேடினால் ஆய்வு முழுமை பெறாது. 1990இல் விண்ணுக்குப் போன ஹப்பிள் தொலைநோக்கியின் ஆடி, விளிம்பில் 2.2 மைக்ரான் அதிகமாகத் தேய்க்கப்பட்டிருந்ததால் படங்கள் மங்கின. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய் ஆடியை அப்படியே விட்டுவிட்டு, அதன் பிழையை ஈடுகட்டும் புதிய கேமராவை மாட்டினார்கள். முதல் கட்சியும் இரண்டாம் கட்சியும் ஒரே நாளில் வென்ற அரிய நிகழ்ச்சி அது. வாயேஜர் 1 விண்கலம் வேறு வழி. 1990 பிப்ரவரி 14 அன்று தொலைதூரப் பூமியை ஒரு புள்ளியாகப் படம் பிடித்த கையோடு அதன் கேமராக்கள் நிரந்தரமாக அணைக்கப்பட்டன. கெட்டுப்போய் அல்ல, எடுக்க வேண்டிய படம் இனி இல்லை என்பதால். மொட்டைத் தலைகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் ஊரில் இவ்வழி செல்லாது.

வியாழனைச் சுற்றும் ஜூனோ விண்கலத்தின் கேமரா நமக்கு இன்னும் நெருக்கம். கதிர்வீச்சால் அதன் படங்களில் கோடுகள் விழுந்தபோது பொறியாளர்கள் ஹீட்டரை முடுக்கி, வழக்கத்தைவிட மிக அதிகமாக, 25 டிகிரி செல்சியஸ் வரை அதைச் சூடேற்றினார்கள். படம் தெளிந்தது. பிறகு மறுபடி கெட, ஹீட்டரை உச்சத்துக்கே வைத்தார்கள். 2023 டிசம்பர் 30 அன்று ஐயோ என்ற துணைக்கோளை அருகில் கடந்தபோது நல்ல படங்கள் வந்தன. 25 டிகிரி இங்கே மார்கழிப் பகலிலேயே கிடைக்கும். ஆயினும் கடல்நீரில் நனைந்த கேமராவை மொட்டைமாடி வெயிலில் வைப்போர் ஜூனோவைச் சான்று காட்ட முடியாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. வெயில் நீரைத்தான் எடுத்துக்கொள்ளும், உப்பை உள்ளேயே விட்டுப்போகும். மரக்காணத்தில் இதையே பாத்தி கட்டிச் செய்கிறார்கள், அதற்கு விலையும் கிடைக்கிறது. அரிசிப் பானையில் புதைப்பதும் இதே கணக்குத்தான். கூடுதலாகத் தவிட்டு மாவு சேரும். உடனே பேட்டரியைக் கழற்றி, ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்கி, உப்பைக் கழுவி எடுக்கத் தெரிந்தவரிடம் அன்றே கொடுத்தால் சிறு வாய்ப்பு உண்டு. ஒரு வாரம் கழித்துக் கொடுத்தால் அது மாற்ற வேண்டிய கேமரா.

பொருளாதாரத்துக்கு வருவோம். அரசு இதில் நடுநிலை வகிக்கிறது: 2019 ஜனவரி 1 முதல் டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்தது, பழுதுபார்ப்புக் கூலிக்கும் அதே 18தான். சந்தை நடுநிலை வகிக்கவில்லை. உலகில் 2010இல் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023இல் 80 லட்சத்தைக்கூட எட்டவில்லை. கைப்பேசி தின்றது போக மிச்சம் அது. கேமரா குறைந்தால் உதிரிபாகம் குறையும், கைதேர்ந்த மெக்கானிக் வேறு தொழிலுக்குப் போவார். பழுதுபார்ப்பைத் தள்ளிப் போடுவதன் உண்மையான வட்டி இதுதான்.

1100டிக்கு ஒரு நற்பேறு உண்டு. அதன் எல்பி-இ10 பேட்டரியே 2018இல் வந்த 1500டி, 3000டி வரை தொடர்ந்தது. ஆகவே பேட்டரி கிடைக்கும், சார்ஜர் கிடைக்கும், அந்த லென்ஸும் பொருந்தும். கேனானின் கண்ணாடியில்லாத (மிரர்லெஸ்) ஆர் வரிசைக்குத் தாவினால் இந்த உறவுகள் அறுந்துபோகும். ஆர்100 வேறு பேட்டரி கேட்கும். பழைய லென்ஸ் ஒட்ட இடையில் ஒரு அடாப்டர் வேண்டும். புதுசின் விலை என்று கடையில் சொல்வது உடலின் விலை மட்டுமே. சீதனம் தனி.

இவ்வளவையும் வைத்து இவ்வாய்வு அளிக்கும் தீர்ப்பு: மாதிரி 1100டியைத் தொடுமுனை துடைத்து, புதுப் பேட்டரி போட்டு வைத்துக்கொள்ளலாம். லென்ஸில் பூஞ்சை ஏறியிருந்தால், சுத்தம் செய்யும் கூலியைக் கேட்டுவிட்டு, அதே லென்ஸ் பழையதாக என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பார்த்தால் முடிவு தானே வரும். போர்டில் களிம்பு என்று திறந்து காட்டிவிட்டார்களானால் வாதத்தை நிறுத்திவிட்டுப் புதியது வாங்கலாம். எதை வைத்திருந்தாலும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் 40லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி வைப்பது நலம். மூன்றாம் கட்சியினர் மட்டும் இந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம்.