திரையில் ஓடும் கார்

இவருக்கு வழி தெரியும். தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரை எங்கே வேகத்தடை, எந்தக் கடையில் காபி வாயில் வைக்கிற மாதிரி இருக்கும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனாலும் கூகுள் மேப்ஸ் போடாமல் வண்டி நகராது. தன் கார் திரையில் ஓடுவதைத் தானே பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

குடும்பம் ஏறி உட்கார்ந்தாயிற்று. மாமியார் மடியில் முறுக்கு டின். ஏ.சி. இன்னும் குளிரவில்லை. இவர் திரையில் இருக்கும் நீல அம்பைத் தட்டுகிறார். அம்புக்குப் பதிலாக வைத்துக்கொள்ள சிவப்பு கார், பச்சை பிக்கப், மஞ்சள் எஸ்.யூ.வி. எல்லாம் எட்டிப் பார்க்கின்றன.

“ஏங்க, ராகு காலம் வந்துடும். கிளம்புங்க.”

“இரும்மா. போன தடவை மஞ்சள் போட்டோம், வெயில்ல எடுபடலை.”

இத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகு கிளம்பும் நிஜ வண்டியைச் சொல்ல வேண்டும். வெள்ளை மாருதி என்று ஆர்.சி. புத்தகம் சொல்கிறது. இடது கதவில் கேட் இழுத்த கோடு, பின் பம்பரில் பிளாஸ்திரி. அது குளிப்பது ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை. திரையில் ஓடுவதோ நகத்தளவு சிவப்பு கார், கழுவித் துடைத்த பளபளப்பு. சாவி கொடுத்து ஓட்டுவது வெள்ளையை, மனசுக்குள் ஓட்டுவது சிவப்பை.

இது நேற்று வந்த வியாதி இல்லை. கண்ணாடியில் ஒட்டவைக்கும், வழி சொல்லும் கார்மின் பெட்டி இருந்த காலத்திலேயே முற்றியிருந்தது. அதில் கார் படத்தை மாற்ற ‘எஸ்.ஆர்.எஃப்.’ என்றொரு கோப்பு வேண்டும். வண்டி வளைவில் திரும்பும்போது படமும் திரும்ப வேண்டுமே? அதற்காகப் பத்துப் பத்து டிகிரி தள்ளி 36 கோணத்தில் படம் இருக்கும். பின்னணிக்கு அடர் ரோஸ் நிறம் பூசினால், பெட்டி அந்த நிறத்தை மட்டும் மறைத்துவிடும். ஆயத்தப் படங்கள் எவ்வளவோ கிடைத்தன. இவர் அப்போது வைத்திருந்த அம்பாசடரையே ஏற்றுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்குமாடி வாசலில் வண்டியை நிறுத்தி, கேமராவும் கையுமாகப் பிரதட்சிணம் செய்தார். மூன்று அடிக்கு ஒரு கிளிக். வாட்ச்மேன் நாலாவது சுற்றில் பொறுக்க முடியாமல் வந்து, “விக்கிறீங்களா சார்? மச்சான் ஒருத்தன் கேட்டுட்டு இருந்தான்” என்றார்.

ஓரங்களில் ரோஸ் சரியாக அழியவில்லை. பெட்டி பழுதாகும் வரை, திரையில் அந்த அம்பாசடர் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டுதான் ஓடியது.

2018 மார்ச் 10 இவர் வாழ்வில் பொன்னாள். கூகுள் மேப்ஸ் ஒரு வாரத்துக்கு மட்டும் வீடியோ கேம் மாரியோ பொம்மையைக் குட்டி வண்டியில் உட்கார்த்தி ஓடவிட்டது. அந்த வாரம் தெருமுனைக் கடைக்குக் கொத்தமல்லி வாங்கக்கூட கார்தான். பெட்ரோல் செலவு கேட்ட மனைவிக்கு, “பேட்டரி இறங்கிடும், அப்பப்ப ஓட்டணும்” என்று பதில். மாரியோ போன மறுநாளிலிருந்து பேட்டரி தன்னைத்தானே பார்த்துக்கொண்டது.

திரைக்கார் மேல் இவருக்கு இருக்கும் நம்பிக்கை, தன் ஓட்டுதலின் மேல் மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பெரிது. செயற்கைக்கோள் கணக்கில் சில மீட்டர் பிசகுவது சகஜம். அதனால் மென்பொருளே காரை இழுத்து அருகிலிருக்கும் சாலையில் உட்காரவைத்துவிடும். இந்தச் சங்கதி தெரிந்தும் இவர் அதைத் தமக்குக் கிடைத்த நற்சான்றாகவே எடுத்துக்கொள்கிறார். ஒரு மழைநாளில் முன்சக்கரம் வடிகால் பள்ளத்தில் இறங்கி, மைத்துனர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுகிறார். இவர் இறங்காமல் போனை ஜன்னல் வழியே நீட்டுகிறார்: “இங்க பாருங்க மாப்ளே, கரெக்டா ரோட்டுலதான் நிக்கிறோம்.”

மைத்துனர் சொன்னதை அச்சில் போட முடியாது.

வாடகைக் காரில் ஏறினால்தான் பரிதாபம். முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு டிரைவரின் போனை எட்டிப் பார்ப்பார்.

“தம்பி, அந்த அம்பை ஒரு தட்டு தட்டுங்க. கார் வரும்.”

“இது கம்பெனி ஆப் சார். இதுல அம்புதான்.”

“சிவப்புகூடக் கிடையாதா?”

“எதுவும் கிடையாது சார்.”

இரண்டு சிக்னல் வரை பேச்சில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “அப்ப அதை அணைச்சிடுங்க தம்பி. வழி நான் சொல்றேன்” என்பார். வீட்டு வாசல் வரை ஒரு திருப்பம்கூடத் தப்பாமல் சொல்லவும் செய்வார்.