ரத்தம் புளிக்குமா?

கேள்வி: புளியோதரை, ரசம், எலுமிச்சை சாதம் என்று தினமும் வெளுத்துக் கட்டுகிறேன். ரத்தம் புளித்துவிடாதா?

பதில்: புளியை விடுங்கள், மூச்சில் வெளியேறுகிற கார்பன் டை ஆக்சைடும் ரத்தத்தில் கரைந்தால் அமிலம்தானே? அதையே சமாளிக்கிறது ஹீமோகுளோபின்! ஒரு மூலக்கூறில் 38 ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள். திசுவில் ஆக்சிஜனை இறக்கிய கையோடு, அமிலத்தின் ஹைட்ரஜன் அயனியை அவற்றில் சில ஏற்றிக்கொள்ளும், நுரையீரலில் இறக்கிவிடும். டவுன் பஸ் மாதிரி, திரும்பும்போதும் காலியாக வராது. பைகார்பனேட்டும் சிறுநீரகமும் கூட்டுச் சேர, ரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் இடையிலேயே நிற்கிறது.

ஆனால், சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் மிகவும் குறைந்தால், கீட்டோ அமிலங்கள் பெருகி இந்தக் காவலையும் மீறும். வாந்தியோடு மூச்சு வேகமாக, ஆழமாக வாங்கினால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.