ஐந்து நட்சத்திரமும் ஒரு கட்டைவிரலும்

பெருமதிப்பிற்குரிய நிர்வாக இயக்குநர் அவர்கள் சமூகத்திற்கு,

தங்கள் முதியோர் இல்லத்தில் 14-ஆம் எண் கட்டிலில் குடியிருக்கும் பாக்கியம் பெற்ற மூதாட்டியின் மூத்த மகன் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன். வரவேற்பறையில் வழக்கம்போல ரோஸ்மில்க் கொடுத்தார்கள். அதுவும் வழக்கம்போல ஜில்லென்று இருந்தது. அம்மாவின் வலது கட்டைவிரல் மட்டும் வழக்கத்துக்கு மாறாக ஊதா நிறத்தில் இருந்தது.

எங்காவது இடித்துக்கொண்டாரோ என்று பதறினேன். அப்படியெல்லாம் இல்லை, வெறும் மை. தாங்கள் வழவழப்பான தாளில் அச்சடித்து வைத்திருக்கும் 'சேவைத் தர மதிப்பீட்டுப் படிவ'த்தில் உணவு, சுத்தம், மருந்து, கனிவு, உடனடிக் கவனிப்பு ஆகிய ஐந்துக்கும் ஐந்தைந்து நட்சத்திரங்களை அம்மா வாரி வழங்கியிருக்கிறார். ஆக மொத்தம் 25. கீழே ஓர் ஊதா ரேகை. பஞ்சாங்கத்திலேயே 27 நட்சத்திரங்கள்தான். மீதி இரண்டைத் தன்னடக்கத்தால் வானத்துக்கே விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

"பாட்டிக்குக் கை நடுங்குதுல்ல சார், பேனா புடிச்சு எழுத லேட்டாகுது. அதான் நாங்களே டிக் பண்ணி ரேகை வாங்கிட்டோம். இங்க எல்லாருக்கும் அப்படித்தான்" என்று தங்கள் மேலாளர் விளக்கினார். ஒளிவுமறைவு இல்லாத மனிதர். சம்பளத்தோடு அவருக்கும் ஒரு நட்சத்திரம் சேர்த்துக் கொடுங்கள்.

அம்மாவைப் பற்றித் தங்கள் சேர்க்கைப் படிவத்தில் 'ஓய்வு பெற்றவர்' என்று ஒரே வார்த்தைதான் எழுத இடமிருந்தது. அவர் புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 36 வருஷம் ஆசிரியை. 90களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, பள்ளிக்கூடம் விட்டதும் கல் உடைக்கிற பெண்களுக்கும் களையெடுக்கிற பெண்களுக்கும் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கப் போய்விடுவார். அந்த மாவட்டத்தில் அப்போது எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அம்மாவும் 47 வயதில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு சைக்கிள் பழகினார். ரேகை வைத்தே பழகிய பெண்கள் முதல்முறையாகத் தங்கள் பெயரை எழுதிய தாள்களைக் கட்டுக்கட்டாக எங்கள் வீட்டுப் பரணில் வைத்திருந்தார். எலி கடிக்கும்வரை இருந்தன.

அந்த அம்மா ஊதா விரலை என்னிடம் நீட்டி, "நான் கைநாட்டாயிட்டேன் தம்பி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் அப்படித்தான்.

ஐயா, இந்த 25 நட்சத்திரங்களையும் நேரில் தரிசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, அன்றிரவு அங்கேயே தங்கிவிட்டேன். 'விசிட்டர்ஸ் நேரம் மாலை 4 முதல் 6' என்று தடுத்த காவலாளியின் கடமையுணர்ச்சியையும் பாராட்டுகிறேன். நட்சத்திரம் பார்ப்பதற்கு நாலு மணி சரியான நேரமில்லை என்று சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

கல்யாணத்தில் அருந்ததி பார்க்கும் சடங்கு தங்களுக்குத் தெரிந்திருக்கும். பட்டப்பகலில், புகைக்கு நடுவே, மண்டபத்துக் கூரையைப் பார்த்து ஐயர் கைகாட்டுவார். "தெரியுதா?" "தெரியுது." பெண்ணுக்கும் தெரியாது, மாப்பிள்ளைக்கும் தெரியாது, ஐயருக்கும் தெரியாது. ஆனாலும் தெரியவில்லை என்று சொன்ன ஆளை இதுவரை நான் பார்த்ததில்லை. இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் நானும் தங்கள் வரவேற்பறையில் அருந்ததிதான் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கள் பெண் ஊழியர் டேபை நீட்டுவார். ரோஸ்மில்க் கையில் இருக்கும். ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்திவிட்டுக் காருக்குப் போவேன்.

ராத்திரி பார்த்ததைச் சொல்கிறேன். அம்மா இருக்கும் தளத்தில் 22 கட்டில். ட்யூட்டியில் ஒரே ஒரு பெண். ஜார்க்கண்டிலிருந்து வந்தவர், வயது இருபதுக்கு மேல் இருக்காது, காலை எட்டு மணியிலிருந்து நிற்கிறார். இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேருக்குத் தானாகப் புரண்டு படுக்க முடியாது. அவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது நர்சிங் பாடத்தின் பாலபாடம். டயப்பர் மாற்றித் திருப்ப ஓர் ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று வைத்தாலும் ஒன்பது பேருக்கு ஒன்றரை மணி. மிச்சம் அரை மணியில் அந்தப் பெண் 13 பேருக்குத் தண்ணீர் கொடுத்து, பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், மணி அடித்தால் ஓடி, நடுவில் தானும் சாப்பிட வேண்டும். அம்மா 2.50க்கு மணி அடித்தார். 3.35க்கு அந்தப் பெண் ஓடி வந்தார், "சாரி பாட்டி, சாரி பாட்டி" என்றபடி. 'உடனடிக் கவனிப்பு' என்ற தலைப்பில் ஐந்து நட்சத்திரம். நட்சத்திர வெளிச்சம் பூமிக்கு வந்து சேர வருஷக்கணக்கில் ஆகுமாமே. அதோடு ஒப்பிட்டால் 45 நிமிஷம் வேகம்தான்.

அந்தப் பெண்ணும் நானும் சேர்ந்து அம்மாவைத் திருப்பினோம். வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்து, ஈரமாக, சிவப்பாக.

இது ஒரு நாளில் வந்ததில்லை. முதலில் தோல் சிவக்கும், அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையாது. அப்போதே பார்த்திருந்தால் திருப்பிப் படுக்க வைத்து, ஒரு ஏர் பெட் போட்டே காப்பாற்றியிருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. குளிப்பாட்டியதாகத் தினமும் குறித்திருக்கிறீர்கள். குளிப்பாட்டிய கை எதுவும் முதுகுப் பக்கம் போகவில்லையா? மாதம் 38,000 ரூபாய் வாங்கிக்கொண்டு என் அம்மாவை ஈரத்தில் ஊற வைத்துவிட்டு, அவர் விரலைப் பிடித்து மையில் தோய்த்து 'சுத்தம்: மிக நன்று' என்று அழுத்தியிருக்கிறீர்கள். வெட்கமாயில்லை?

மன்னிக்க வேண்டும். தூக்கம் கெட்டதால் வார்த்தை தடித்துவிட்டது. தங்கள் தோட்டத்துச் செம்பருத்தி மிக அழகு.

மறுநாள் தங்கள் கோப்பையும் பார்க்கும் பேறு கிடைத்தது. எடைப் பதிவேட்டில் அம்மா ஆறு மாதமும் 48 கிலோ. சனி பகவானே ராசி மாறுகிறார், எங்கள் அம்மா அசையவில்லை. பக்கத்து கிளினிக்கில் எடை பார்த்தேன்: 43. முதியவருக்கு ஒரு மாதத்தில் ஐந்து சதவீதமோ, ஆறு மாதத்தில் பத்து சதவீதமோ எடை குறைந்தால் அபாயமணி அடிக்க வேண்டும் என்பது அமெரிக்க நர்சிங் ஹோம்களின் கணக்கு. படுக்கைப்புண் வருமா என்று முன்கூட்டியே மார்க் போட்டுப் பார்க்க, பிரேடன், பெர்க்ஸ்ட்ரோம் என்ற இரு அமெரிக்கச் செவிலியர்கள் 1980களில் ஆறே தலைப்பில் ஓர் அளவுகோல் எழுதிவைத்தார்கள். முழு மதிப்பெண் 23. 18க்கு இறங்கினாலே உஷாராக வேண்டும். அம்மாவுக்கு நான் போட்டுப் பார்த்ததில் 13. தாளும் பேனாவும் போதும் ஐயா, வழவழப்பான தாள்கூட வேண்டாம்.

அமெரிக்கா என்றதும் நினைவு வருகிறது. அங்கேயும் தங்களைப் போலவே நட்சத்திரம்தான். 2008 முதல் ஒவ்வொரு நர்சிங் ஹோமுக்கும் அரசாங்கமே ஒன்று முதல் ஐந்து வரை போடுகிறது. எத்தனை செவிலியர் வேலை பார்க்கிறார்கள் என்பதை இல்லங்களே எழுதிக் கொடுக்க, அதை அப்படியே நம்பி நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு சந்தேகம் வந்து, 2016 முதல் சம்பளக் கணக்கைக் காட்டு என்று கேட்டார்கள். ஆள் உண்டா இல்லையா என்பதைச் சம்பளக் கணக்கில் மறைப்பது கொஞ்சம் கஷ்டம். தாங்கள் அங்கே பிறக்காதது அந்த நாட்டின் அதிர்ஷ்டமா, தங்கள் அதிர்ஷ்டமா என்று என் சிற்றறிவுக்கு எட்டவில்லை. எல்லாம் ஜென்ம நட்சத்திரம்.

இங்கே தங்களுக்கு அந்தக் கவலை கிடையாது. 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி, நான் அம்மாவை நடுத்தெருவில் விட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரிதான், வேண்டும். முதியோர் இல்லங்களுக்குப் பதிவும் குறைந்தபட்சத் தரமும் வேண்டும் என்ற திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. நிறைவேறாமலேயே காலாவதியானது. அம்மாவின் ஜென்ம நட்சத்திரம் கேட்டை. அந்த மசோதாவுக்கும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

என்னைப் பற்றியும் தாங்கள் நினைப்பது புரிகிறது. இவ்வளவு பேசுகிறவன் அம்மாவை வீட்டில் வைத்துப் பார்க்கலாமே என்று. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இதெல்லாம் காரணம்தான். ஞாயிறுதோறும் அந்த டேபில் ஐந்தை அழுத்திய விரலும் என்னுடையதுதான். அதில் மை ஒட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே சமூகத்திற்கு ஒரு விண்ணப்பம். படிவத்தைத் தயவுசெய்து மாற்றாதீர்கள், அத்தனை அழகு. அதை மட்டும் ராத்திரி மூன்று மணிக்குக் கொடுங்கள். ஈர டயப்பரோடு மணி அடித்துவிட்டுக் காத்திருப்பவரிடம், அவர் காத்திருக்கும்போதே கொடுங்கள். இருபது வயதுப் பெண்ணுக்குத் துணையாக ராத்திரிக்கு இன்னும் இரண்டு பேரைப் போடுங்கள். ஊதா மை டப்பாவை மூடி வையுங்கள்.

இப்படிக்கு,
14-ஆம் எண் கட்டிலின் மகன்

பின்குறிப்பு: அம்மாவின் 25 நட்சத்திரங்களை வாபஸ் வாங்கி, புதிய மதிப்பீட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். சிவப்புப் பேனா அவரே கேட்டு வாங்கியது. உணவு 40, சுத்தம் 10, மருந்து 50, உடனடிக் கவனிப்பு 5, எல்லாம் நூற்றுக்கு. கனிவுக்கு மட்டும் 90 போட்டு, பக்கத்தில் 'ராத்திரி வரும் பிள்ளைக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறார். கீழே இருப்பது அவருடைய கையெழுத்து. போட்டு முடிக்க நாலு நிமிஷம் ஆனது.